எலி முதுகில் முளைத்த முடி

எலிகள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியில் எம்.ஃபார்ம் படித்தபோது, காலையில் போனதும் என் முதல் வேலை, முதுகு மழித்த எலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முடி எவ்வளவு முளைத்திருக்கிறது என்று குறித்து வைப்பது. குறித்துக்கொண்டிருந்த என் உச்சந்தலையிலோ சீப்புக்கே வேலை இல்லை.

டைஃபாய்டு வந்து போன பிறகு கொட்ட ஆரம்பித்தது. இடுப்பு வரை இருந்த பின்னல் மூன்றே மாதத்தில் எலிவால் ஆனது. "தானா வந்துடும்மா" என்றார் டாக்டர். பக்கங்களில் வந்தது, உச்சியில் வரவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவேன். பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அம்மா தலையைத் தொட வந்தால் கையைத் தட்டிவிடுவேன். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனால் அம்மா எனக்கும் சேர்த்து இரண்டு முழம் பூ வாங்கி வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு முழம்தான் வந்தது. 

ஆய்வுக்குத் தலைப்பு சொல்லச் சொன்னார்கள். நான் வேறு எதைச் சொல்வேன்? கரிசலாங்கண்ணியிலிருந்து பிரித்தெடுத்த சத்தை எண்ணெயில் கரைத்து, அந்த எண்ணெயைத் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத துளிகளாக உடைக்க வேண்டும். நானோ எமல்ஷன் என்று பெயர். துளி சிறுத்தால்தான் மயிர்க்காலுக்குள் இறங்கும். பால் போல வெளுத்துக் கிடக்கும் கலவை, மெஷின் அனுப்பும் ஒலியலையில் அதிர அதிர மெல்லத் தெளிந்து, கடைசியில் லேசான நீலத்தோடு தண்ணீர் மாதிரி நிற்கும். அதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

"இது எலிக்குத்தாம்மா. மனுஷங்களுக்குப் போட அனுமதி கிடையாது. ஆசைப்பட்டு எதையாவது செஞ்சு வைக்காத" என்றார் என் ஆய்வுக்கு வழிகாட்டிய சார். நோட்டைப் பார்த்தபடிதான் சொன்னார், என் தலையைப் பார்க்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கும்பிடு போடலாம்.

பன்னிரண்டாம் நாள், எங்கள் மருந்து தடவிய எலிகளின் முதுகில் கறுப்பாக மெத்தென்று முடி. நான் அழுதுவிட்டேன். ஆய்வு பலித்த சந்தோஷம் என்று கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். இல்லை, வயிற்றெரிச்சல். அன்று சாயங்காலம் ஒரு பாட்டில் என் பையில் ஏறியது. தப்பு என்று தெரிந்துதான் செய்தேன்.

கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பின்னால் அதை வைத்தேன். யாரும் தொடக் கூடாது, சூடு படவே கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் இரண்டு முறை உச்சியில் பீச்சிக்கொள்வேன். மூன்று வாரம் போனது. ஒன்றும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வெளியே வந்தால், சமையலறையில் சடசடவென்று சத்தம். வாணலியில் தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை. பக்கத்தில் என் பாட்டில், காலியாக. எண்ணெய் தெறித்து அம்மாவின் மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள்.

"தண்ணி மாரி கீது. தலையில நிக்குமா? சளிதான் புடிக்கும். அதான் எண்ணெயில காய்ச்சிட்டேன்."

அடிப்பாவி. எத்தனை நாள் உழைத்துச் சின்னதாக்கிய துளிகள். "உனக்கு இன்னாம்மா தெரியும்? எல்லாத்தையும் கெடுத்துட்ட" என்று கத்தினேன். இன்னும் மோசமாகவும் பேசினேன். அதை எழுதக் கை வரவில்லை.

அம்மா அடுப்பை அணைத்தாள். "கையே படாம பீச்சிக்கினு போய்டுற. ரெண்டு வருசமா உன் தலைய நான் தொடலடி. எண்ணெயா இருந்தா என்னாண்ட வந்து குந்துவேன்னு நெனச்சேன்" என்றாள்.

வாணலியில் இருந்ததைக் கொட்டிவிட்டு, வேறு எண்ணெய் காய்ச்சச் சொன்னேன். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எண்ணெய் தோய்ந்த விரல்கள் ஓரங்களில் சுற்றி உச்சிக்கு வந்ததும் நின்றன. ஐயோ பாவம் என்று சொல்லப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இங்க ஒரு மச்சம் கீதுடி. நீ பொறந்தப்போ பாத்தது. முடி வந்ததும் காணாம பூட்டுது. இப்பதான் மறுபடி பாக்குறேன்."

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட விடாமல் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அம்மா அந்த இடத்தில் விரல் வைத்து, "கீது, கீது" என்பாள். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடி இரண்டு முழம் பூ வந்தது. என் பங்கை ஹேர்பின் போட்டு நிறுத்துவாள். பஸ் ஸ்டாப் போவதற்குள் விழுந்துவிடும்.

இப்போது முடி ஓரளவு வந்துவிட்டது. வயதா, சாப்பாடா, காலமா, யாருக்குத் தெரியும். பூ வைத்தால் நிற்கிறது. அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே எண்ணெய் வைத்துக்கொண்டு, உச்சியில் முடியை விலக்கி விலக்கி விரலால் தேடுகிறேன். அந்த மச்சம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.