நான்கு கம்பெனிகளைத் தாண்டிய மரியநாயகம் அண்ணை

கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகல், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், தேநீர்க் கடையொன்றில் என் முதுகெலும்பின் வீர வரலாற்றைப் பெருங்கூட்டம் ஒன்றுக்கு எடுத்துரைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் என்பது இரண்டு பேர். அவர்களில் ஒருவர் தூக்கம். அப்போது தொலைபேசி அடித்தது. என்னோடு பஸ் கழுவும் பாலன். என்னைவிட ஐந்து வயதுதான் குறைவு. ஆனாலும் ஊரே அழைப்பதுபோல என்னைச் சித்தப்பா என்றே அழைப்பவன்.

"சித்தப்பா, எங்கை நிக்கிறியள்?"

"சபையிலை நிக்கிறன். சொல்லு."

"மரியநாயகம் அண்ணை மோசம் போயிட்டார். விடியத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவராம். நெஞ்சடைச்சு ஆள் முடிஞ்சுது."

பாரிசுக்கு வந்த நாள்முதல் முதன்முறையாக ஒரு கதையைப் பாதியில் விட்டேன். கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அண்ணை மன்னாரில் பிறந்தவர். பாரிசுக்கு வடக்கே வில்லியே லே பெல்லில் குடியிருந்தவர். அதே பக்கத்து டிப்போ ஒன்றில், மாலையில் திரும்பும் பஸ்களைக் கழுவும், தன்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். அவர் துடைத்த கண்ணாடியை ஆகாயமென்று நம்பி மோதிய புறாக்கள் ஆயிரத்தைத் தாண்டும். தன் பஸ்ஸின் முன்கண்ணாடி களவு போய்விட்டதென்று முறைப்பாடு எழுதப் போன டிரைவரை நான்தான் மறித்தேன்.

பஸ் கழுவும் ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கொரு முறை கைமாறும். பழைய கம்பெனி போகும், புதிய கம்பெனி வரும். பஸ் அதே, வாளி அதே, அழுக்கும் அதே. எங்கள் மேலங்கியின் நிறம் மட்டும் மாறும். வேலையாட்களையும் புதிய கம்பெனி சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய கம்பெனி கொடுக்கும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆட்கள் காணாமற்போவது அந்தப் பட்டியலில்தான்.

முதற் கைமாற்றத்தில் இரண்டு பேர் அப்படிக் காணாமற்போனார்கள். அதன்பின் அண்ணை ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். கைமாறும் நாளன்று லீவில் இருப்பவர், காய்ச்சல்காரர், புதுமாப்பிள்ளை, எவரானாலும் காலையில் டிப்போ வாசலில் வந்து நிற்க வேண்டும்.

"பேப்பரிலை இல்லாட்டிலும் வாசலிலை ஆள் நிக்கோணும்" என்பார். "நிக்கிற ஆளின்ரை முகத்தைப் பாத்து, நீ இல்லையெண்டு சொல்ல அவங்களுக்கும் கொஞ்சம் வெக்கம் வரும்."

எங்கள் எல்லோருடைய சம்பளச் சீட்டுகளின் பிரதிகளும் அவரது கோப்பில் இருந்தன. இரண்டாம் கைமாற்றத்தில் மாலி நாட்டு நண்பர் ஒருவரின் பெயர் விடுபட்டது. அண்ணை கோப்பைத் திறந்து, தாளை உருவிக் கொடுத்தார். பெயர் சேர்ந்தது. மூன்றாவதில் விடுபட்ட பெயரே இல்லை.

நான்காவது கைமாற்றத்தில் விடுபட இருந்தவன் நான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பஸ் படியில் வழுக்கி விழுந்து முதுகை உடைத்துக்கொண்டேன். குழந்தையைக் காப்பாற்றப் பாய்ந்ததாக லா சப்பலில் சொல்லி வைத்திருக்கிறேன், உண்மையில் சவர்க்காரம். மூன்று மாத லீவு முடிந்தபோது, இன்னும் ஒரு மாதம் வேண்டுமா என்று டொக்டர் கேட்டார். பஜோல் தெருப் பிள்ளையாரின் தேர் வரப்போகிறது, வேண்டும் என்றேன். பஸ் கழுவ முடியாத முதுகால் வடம் பிடிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். அது பிள்ளையாருக்கும் எனக்கும் இடையிலான விஷயம்.

தேர் முடிந்த அந்த வாரத்திலே, புதன்கிழமை அண்ணை தேநீர்க் கடைக்குள் வந்தார். உட்காரவில்லை.

"தியாகு, உன்ரை லீவுப் பேப்பரைக் காட்டு."

காட்டினேன். விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"வாற திங்கள் கம்பெனி மாறுது. ஞாயிற்றுக்கிழமையோடை உனக்கு நாலு மாசம் முடியுது. நாலு மாசம் வேலைக்கு வராத ஆளைப் புதுக் கம்பெனி எடுக்கத் தேவையில்லை."

"ஒரு நாள்தானே அண்ணை, பிந்தினது?"

"உனக்கு விசரே? அவங்களுக்கு ஒரு நாளே போதும். உன்ரை விசா எப்ப முடியுது?"

இரண்டு மாதத்தில் முடிய இருந்தது. வேலை ஒப்பந்தம் இல்லாமல், விசா கொடுக்கும் அரச அலுவலகமான பிரெவெக்சரில் புதுப்பிக்க மாட்டார்கள். என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

திங்களுக்கு முன் ஒரு நாளாவது நான் வேலை செய்திருக்க வேண்டும். வேலைக்குத் திரும்ப, கம்பெனி டொக்டர் என்னைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். அதற்கு நேரம் எடுத்துத் தர வேண்டியவர் பழைய கம்பெனியின் மனேஜர். மூட்டை கட்டிக்கொண்டிருந்த அவர் எனக்காக ஏன் மினக்கெட வேண்டும்? வியாழன் காலை முழுவதும் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மதியம் அண்ணை நேரே அவருடைய அறைக்குப் போனார். நான் வெளியே படிக்கட்டில் இருந்தேன். கதவு சாத்தியபடி நாற்பது நிமிடம். உள்ளே சத்தம் கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

வெளியே வந்த அண்ணை முகத்தைத் துடைத்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு டொக்டர்."

"என்னண்டு அண்ணை சம்மதிச்சவன்?"

"மாதாவை மன்றாடினனான். நட."

வெள்ளி காலை டொக்டர் என்னைக் குனியச் சொன்னார். குனிந்தேன். முதுகில் பதினான்கு உலகங்களின் இடியும் ஒன்றாக இறங்கியது. பல்லைக் காட்டிச் சிரித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வேலை செய்யலாம், பாரம் தூக்கக் கூடாது என்று எழுதினார்.

அன்று மாலை வரவுத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு ஒரு பஸ் துடைத்தேன். வாளியை அண்ணை தூக்கி வந்தார்.

"நீ துணியை மட்டும் பிடி. டிரைவர்மார் உன்னைக் காணோணும். சும்மா கதைச்சுக்கொண்டு நில், அது உனக்கு வரும்தானே."

திங்கட்கிழமை வாசலில் பன்னிரண்டு பேரும் நின்றோம். புதிய கம்பெனியிலிருந்து வந்த பெண்மணி பட்டியலை வாசித்தார். எட்டு, ஒன்பது, பத்து. என் பெயர் இல்லை. பதினோராவதாக வாசித்தார்: என் பெயர். பிறகு தாளை மடித்தார்.

பாலன்தான் முதலில் கேட்டான். "அண்ணையின்ரை பேர் எங்கை?"

எல்லோரும் அவரது கோப்பைப் பார்த்தோம். அவர் அதைத் திறக்கவில்லை.

"என்னைப் பழைய கம்பெனி வைச்சிருக்குது. தெற்குப் பக்கம் ஒரு டிப்போ. நல்ல இடமாம்" என்றார். கோப்பைப் பாலனிடம் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். என் முறை வந்தபோது, "பெரிய இடம் கிடைச்ச உடனை எங்களை விட்டிட்டு ஓடுறியள், என்ன?" என்றேன். சிரித்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அந்த வார்த்தையை ஆறு ஆண்டுகள் நான் நல்ல பகிடியென்றே நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து அண்ணையின் வீட்டுக்கு வந்தபின், அவர் மனைவி பிலோமினா அக்கா என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டார்.

"அந்த மனேஜர் கேட்டது ஒண்டுதான், தியாகு. தெற்கிலை புதுசா எடுத்த டிப்போவுக்குப் போக ஆள் இல்லையாம். இவர் போறனெண்டு கையெழுத்து வைச்சாத்தான் உனக்கு டொக்டரிட்டை நேரம் எடுத்துத் தருவனெண்டவன். இவர் வைச்சிட்டு வந்தவர்."

"எனக்கு ஏனக்கா ஒருதரும் சொல்லேல்லை?"

"சொல்லக் கூடாதெண்டவர். சொன்னா நீ லா சப்பலிலை மேடை போட்டிடுவியாம்."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இதோ, போட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, அண்ணை வேலைக்குப் புறப்படும் நேரத்துக்கே, அந்தத் தெற்கு டிப்போவுக்குப் போக வில்லியே லே பெல்லில் ரெயில் ஏறினேன். பாரிசைக் குறுக்காகக் கடந்தேன். இறங்கி மாறினேன். பிறகு பஸ். பிறகு நெடுஞ்சாலை ஓரமாக நடை. எதையும் பத்தாகப் பெருக்கிச் சொல்பவன் நான் என்பதை அறிவீர்கள். இதை மட்டும் கடிகாரம் காட்டியபடியே சொல்கிறேன்: போக இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம். வரவும் அவ்வளவுதான். அண்ணைக்கு அது ஆறு வருடம்.

அண்ணை, இனி நீங்கள் எங்கும் இறங்கி மாற வேண்டியதில்லை. ஆறுதலாக இருங்கள்.