குணா மாமாவின் குரல் இருந்த ஹார்டு டிஸ்க்

குணா மாமா இறந்துவிட்டார் என்று அப்பா போனில் சொன்னபோது நான் சிரித்தேன். இதை ஊர்க்காரர்கள் உங்கள் எல்லோரிடமும் முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "உனக்கு ஒருநாள் பெருசா ஒரு ஆப்பு வைக்கிறேன்டா வாலு, அன்னைக்கு நீ அழுவணும்" என்று மாமா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால், "அப்பா, நீங்களும் மாமா கட்சியா?" என்று கேட்டேன். மறுமுனையில் அப்பா அழுதார். அப்பாவுக்கு நடிக்க வராது. வலங்கைமான் கடைத்தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாமா எழுந்திருக்கவேயில்லை.

உங்களில் பலருடைய வயலில் அறுவடை மெஷின் ஓட்டியவர் அவர். ஆனால் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பியிடம் அவர் வாங்கிய பழைய கேமிங் லேப்டாப்பைப் பற்றிச் சிலருக்குத்தான் தெரியும். பகலெல்லாம் அறுத்துவிட்டு வந்து, சாயங்காலம் அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுவார். "பகல்ல ஓட்டுனது பத்தலையா?" என்பார் செல்வி அத்தை. "இதுல சேறு இல்ல, டீசல் இல்ல, வரப்புல நின்னு கத்த ஆளும் இல்லடி" என்பார் மாமா. பக்கத்து லாரி என்னுடையது. எங்களுக்குள் இருபது வயது வித்தியாசம். அந்தச் சாலையில் இருவரும் ஒரே அளவு மோசமான டிரைவர்கள்.

அந்த லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிந்ததற்கு விளையாட்டு மட்டும் காரணம் இல்லை. மெஷினை இறக்கும் முன் ஒவ்வொரு வயலையும் வரப்பில் நடந்தபடி செல்போனில் வீடியோ எடுப்பார், பேசிக்கொண்டே. பிறகு அதை லேப்டாப்பில் ஏற்றி வைப்பார். "இது கோயிலுக்கு மேலண்டை ரெண்டு மா நெலம். வடக்கு மூலைல பழைய போர் பைப்பு நிக்குது, பாத்து வா." அடுத்த வருடம் அதே வயலுக்குப் போகும் முன் அதைப் போட்டுப் பார்ப்பார். உங்கள் வயலில் கத்தி உடையாமல் அறுத்தது இப்படித்தான். "யாருக்கு மாமா பாத்து வான்னு சொல்றீங்க?" என்று கேட்டேன். "அடுத்த வருசம் வர்ற எனக்குத்தான். அவன் மறதிக்காரன்."

இனி என் குற்றம். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், லேப்டாப் திரை முழுக்க நீல நிறத்தில் ஒரு போலி எச்சரிக்கையைப் போட்டு வைத்தேன். மாமா நாற்காலியிலிருந்து துள்ளியதை ஊரே பேசியது. பேச வைத்தவன் நான். அடுத்த மாதம், டிஸ்க் கெட்டுப்போகப் போகிறது, நகல் எடுத்து வையுங்கள் என்று லேப்டாப்பே உண்மையாக எச்சரித்தது. மாமா தினமும் அதைத் தட்டிவிட்டு லாரி ஓட்டினார். ஒரு மாதம் கழித்து என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "இந்தத் தடவ நான் ஏமாறலையே!"

"மாமா, அது நான் வச்சது இல்ல. சத்தியமா."

"சத்தியம் வேறயா!"

டிஸ்க்குக்குள் டக், டக் என்று சத்தம் வந்த பிறகுதான் நம்பினார். "ஹார்டு டிஸ்க்குன்னு பேரு, ஆனா ரொம்ப சாஃப்ட்டா இருக்கேடா" என்றார். பின்மூடியைக் கழற்றினோம். எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க் போட ஒரு காலி இடம் இருந்தது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வகைகளில் எது அதில் பொருந்தும் என்று மூன்று முறை சரிபார்த்தோம். முதலில் வீடியோக்களை மாற்றலாம் என்றேன். "முதல்ல லாரிய ஏத்து. வயலு எங்கடா போவப்போவுது?" என்றார் மாமா. எல்லாம் சம்பா அறுப்பு முடிந்ததும் என்று தள்ளி வைத்து, கடைசி வயலை அறுத்த அன்று ஆர்டர் போட்டார். பார்சல் வந்தது அவர் போன மூன்றாம் நாள். கூரியர்காரர் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மகள் மகிழைக் கையில் பிடித்தபடி அத்தைதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். "அவரு குரல் அந்தப் பொட்டிலதான்டா இருக்கு. போன்ல எடுத்ததெல்லாம் அப்பப்ப அழிச்சிடுவாரு. மகிழுக்கு நாலு வயசு, அவளுக்கு மறந்துடும். வந்துடுமா?"

"வந்துடும் அத்தை" என்றேன். வேடிக்கைக்கு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இது வேடிக்கைக்கு இல்லை. அந்த டிஸ்க் இன்னும் ஒரு முறை சுற்றுமா என்பதே தெரியாது. லேப்டாப் பேட்டரி உப்பிப்போய் எடுத்தாகிவிட்டது. வயலில் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் தெருவில் டியூப்லைட் மங்கும், லேப்டாப் அணைந்தே போகும்.

அத்தை எழுந்து தெருவுக்குப் போனார். "இன்னைக்கு மத்தியானம் மட்டும் யாரும் மோட்டார் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். காரணம் அவர் சொல்லவில்லை. கோடை நெல் தண்ணீருக்குக் காத்திருந்தும் நீங்கள் கேட்கவில்லை.

லாரி விளையாட்டைத் தொடாமல் வீடியோக்களை முதலில் நகலெடுத்தேன். டக் என்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் மிச்சம் எத்தனை வீடியோ என்று திரையில் பார்த்தேன். பாதியில் எண்கள் நகராமல் நின்றன. அத்தை என் தோளைப் பிடித்திருந்தார், நான் திரும்பவில்லை. மறுபடி நகர்ந்தது. கடைசி ஏழு வீடியோக்கள் மிச்சம் இருந்தபோது டிஸ்க் நின்றுபோனது. பிறகு அது சுற்றவேயில்லை.

வந்தவற்றில் ஒன்றை அத்தை போட்டார். "இங்கன வாய்க்கா இருக்கு, பாத்து வா" என்றது மாமாவின் குரல். மகிழ் எழுந்து, தரையில் இல்லாத அந்த வாய்க்காலைக் காலைத் தூக்கித் தாண்டினாள்.

என் போலி எச்சரிக்கையால் அந்த ஒரு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் ஏழும் கிடைத்திருக்கும். அதில் ஒன்று எங்கள் வயல். அதனால் எனக்கென்று மாமாவிடமிருந்து இருப்பது அவருடைய பழக்கம் மட்டும். நேற்று எங்கள் வரப்பில் நடந்து நானே வீடியோ எடுத்தேன். மடைக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் புதைந்து கிடக்கிறது. அடுத்த அறுப்புக்கு எந்த டிரைவர் வருவாரோ தெரியாது. "பாத்து வாங்க" என்று சொன்ன இடத்தில் என் குரல் உடைந்திருக்கிறது. அழித்துவிட்டு வேறு எடுக்கவில்லை. அப்படியே இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.