கமிட்டி மெம்பர் பஷீருதீன்

பஷீருதீன் பாய் யாரிடமும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சவாரிக்கு வருகிறவர் கூலியைக் குறைத்துச் சொன்னால், முகத்தை அந்தண்டை திருப்பிக்கொண்டு குதிரையின் பிடரி மயிரைக் கோத ஆரம்பிப்பார். பூந்தமல்லி ஜட்கா ஸ்டாண்டில் எல்லாருக்குமே அந்த வழக்கம் உண்டு. வந்த சவாரியை வாயால் மறுத்தால் அன்றைய பிழைப்பு கெட்டுப்போகும் என்பார்கள். முகம் திரும்பியிருந்தால் மறுப்பு. கேட்டவர் கொஞ்சம் ஏற்றிச் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டால் சம்மதம். மற்றவர்களுக்கு அது ஸ்டாண்டோடு சரி. பாய்க்கு வீட்டிலும் அதேதான். "கொழம்புல உப்பு இல்லேன்னாகூட சொல்ல மாட்டாரு. சொவத்தப் பாத்துகினு துன்னுவாரு" என்று அவர் மனைவி அஷ்ரஃபுன்னிசா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, அந்த ஸ்டாண்டில் புல்லுக்கட்டு விற்க உட்கார்ந்தவள். ஆண்கள் நடுவில் அதிகம் பேச மாட்டேன். பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் நடுவில், புளியமரத்தடியில் இருந்தது ஸ்டாண்டு. பக்கத்திலேயே குதிரைகள் தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி. நோயாளியும் காய்கறிக் கூடையும் நேரே வண்டியில்தான் ஏற வேண்டும். பரந்தாமன் முதலியார் பட்டணத்துக்கு பஸ் விட்ட நாளிலிருந்து அந்த இடத்தின்மேல் கண்ணாக இருந்தார். ஜட்காக்களை ஊருக்கு வெளியே, நசரத்பேட்டைப் பக்கத்து மேட்டுக்குத் தள்ளிவிட்டால் அவர் பஸ் அங்கே நிற்கலாம். அந்த மேட்டில் நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், வாடகை வண்டிகளை ஒழுங்கு செய்ய ஓர் ஆலோசனைக் கமிட்டி போட்டார்கள். வக்கீல் ராஜசேகரன் தலைவர். பஸ் முதலாளி, மண்டி வியாபாரி, டாக்டர் எல்லாரும் மெம்பர்கள். வண்டிக்காரர்கள் தரப்பிலும் ஒருவர் வரலாம் என்றார்கள். கேட்டதும் ஸ்டாண்டே பூரித்துப் போயிற்று.

"நம்ப பாய் போவட்டும்" என்றான் மதுரைவீரன். ஸ்டாண்டில் அவன் பேச்சுதான் எடுபடும். "ஒருத்தன்கிட்ட வம்பு தும்புன்னு போனவரு இல்ல. மாமே, நீ போயி ஜம்முனு நாற்காலில குந்து. வண்டிக்கு வெளக்கு வெக்கச் சொன்னா வெச்சிக்கலாம், சட்டையில நம்பர் பில்லை குத்தச் சொன்னா குத்திக்கலாம். எடம் மட்டும் போவக் கூடாது. அத்த மட்டும் பாத்துக்க."

"பாத்துக்கறேன்" என்றார் பாய். அன்று இரவே அஷ்ரஃபுன்னிசா அவருடைய பெருநாள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாளாம்.

கூட்டம் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த சத்திரத்துக் கூடத்தில் நடந்தது. சந்தை நாள். மற்ற வண்டிகள் எல்லாம் சவாரி போயிருந்தன. பாயுடைய குதிரை மட்டும் மரத்தடியில் நின்றது. நான் இருந்த இடத்திலிருந்து கூடத்து ஜன்னல் நன்றாகத் தெரியும்.

காபி கொடுத்தார்கள். பாய் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். வக்கீல் காகிதம் பார்த்து எதையோ படித்தார். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கிற குரலில், "ஜட்கா ஸ்டாண்டை மேட்டுக்கு மாற்றுவது என்று தீர்மானம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார்.

பாய் முகத்தைத் திருப்பினார். ஜன்னல் வழியாகத் தம் குதிரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் விரல்கள் நாற்காலியின் கையைக் கோதிக்கொண்டிருந்தன. எனக்கு அர்த்தம் தெரிந்தது. அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. வக்கீல் கொஞ்ச நேரம்கூடக் காத்திருக்கவில்லை. "ரொம்ப சந்தோஷம்" என்று அடுத்த காகிதத்தை எடுத்தார்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தவர் என்னிடம் புல் வாங்கிக்கொண்டே, "இன்னொரு தபா கேப்பாங்கன்னு குந்திகினு இருந்தேன், பூங்காவனம். கொஞ்சம் எறங்கி வந்து, பாதி எடம் குடுக்கறோம், தொட்டிய உட்டுடறோம்னு எதுனா சொல்வாங்கன்னு பாத்தேன். மொத வெலயச் சொல்லிட்டு எவனாவது எழுந்து பூடுவானா?" என்றார்.

அவர் இன்னும் பேரம் முடியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தண்டோரா போட்டார்கள். ஜட்காக்காரர் பிரதிநிதி பஷீருதீன் உள்பட எல்லா மெம்பர்களும் ஏகமனதாகச் சம்மதித்தபடி ஸ்டாண்டு மாற்றப்படுகிறது என்று தண்டோராக்காரன் கூவிக்கொண்டு போனான். மதுரைவீரன் வண்டியை விட்டுக் குதித்தான்.

"இன்னா பாய், ஏகமனசாமே?"

"நான் ஒத்துக்கல, மச்சான். மொகத்தத் திருப்பிக்கினேன்."

"யாருகிட்ட? வக்கீலாண்ட திருப்பிக்கினா அவனுக்கு இன்னா தெரியும்? அவன் இன்னா ஆஸ்பத்திரிக்கு சவாரியா வந்தான்? வாயத் தொறக்கத்தானே உன்ன அனுப்பினோம்!"

நான் எழுந்து நின்று, "நான் பாத்தேண்ணா. ஜன்னல் பக்கம்தான் திரும்பிக்கினு இருந்தாரு" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீ புல்லப் பாரும்மே" என்றான்.

அடுத்த கூட்டத்துக்கு பாய் யாரும் கூப்பிடாமலே முதலில் போய் உட்கார்ந்தார். வக்கீல் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்று, "எடத்த மாத்தக் கூடாது. எனக்கு சம்மதம் இல்ல" என்றார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் குரல் அத்தனை பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அது போன கூட்டத்தில் முடிந்துபோன விஷயம், பாய். இன்றைக்கு வண்டி விளக்கைப் பற்றித்தான் பேச்சு" என்றார் வக்கீல்.

பரந்தாமன் முதலியார் சிரித்தார். "அன்னிக்கு காபி குடிக்கத் தொறந்த வாய்தானேப்பா? அப்பவே கூட ரெண்டு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தக் காபிக் கதை மாலைக்குள் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. ஒரு டம்ளர் காபிக்கு இடத்தை விற்றான் என்று முதலில் வேடிக்கையாகச் சொன்னார்கள். நாலைந்து நாளில் அதையே நம்பியும் பேசினார்கள். பஸ் முதலாளி வேறு ஏதோ கொடுத்திருப்பார் என்றுகூடச் சேர்த்துக்கொண்டார்கள். பாய் வீட்டில் அந்த மாதம் வாடகைக்கே திண்டாட்டம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

மேட்டுக்குப் போன முதல் நாள் பாய் தம் வண்டியை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் முறை வந்தபோது மதுரைவீரன் தன் வண்டியைக் குறுக்கே விட்டான். "கமிட்டி மெம்பருக்கு முறை எதுக்கு? போ, போயி முதலியார் பஸ்ஸாண்ட நில்லு." ஒருத்தரும் தடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பாய் வரவில்லை. மொகரத்துக்கு முன்பே குதிரையை விற்றுவிட்டார் என்று அஷ்ரஃபுன்னிசா சொன்னாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓட முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, ஓடின நேரம் பாதி, நின்ற நேரம் பாதியாக இருந்தன. அப்போது மதுரைவீரனும் இன்னும் சிலரும் வக்கீலிடம் போய்ப் பழைய இடத்தைக் கேட்டார்கள். உங்கள் ஆளே ஒத்துக்கொண்டதுதானே என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவர்கள் வக்கீலைத் திட்டவில்லை. பாயைத்தான் திட்டினார்கள்.

இப்போது புளியமரத்தடியில் பரந்தாமன் முதலியாரின் பஸ்கள் நிற்கின்றன. கல்தொட்டியை உடைத்துவிட்டார்கள். மேட்டில் மூன்று ஜட்காக்கள்தான் மிச்சம். அதில் மதுரைவீரனுடையது இல்லை. புல் வாங்க ஆள் இல்லாததால் நான் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு வெள்ளரிப்பிஞ்சு விற்கிறேன். பஷீருதீன் பாய் குத்தம்பாக்கத்தில் ஒரு சூளையில் செங்கல் சுமக்கிறார். கமிட்டி இன்னும் கூடுகிறது. வண்டிக்காரர்கள் தரப்பில் யாரையும் கூப்பிடுவதில்லை.