காந்தத்தில் ஒட்டாத சிலுவை

ஜெர்மனியின் காஸல் நகரில் செத்துப்போன படைவீரர்களில் பாதிப்பேரை இரண்டாம் முறை சாகடித்தவர் ஒட்மார். ஓய்வுபெற்ற தபால்காரரான அவர், பழைய ராணுவப் பதக்கங்களைப் பார்த்து அசலா போலியா என்று சொல்வார். "போலி" என்று சொல்லிச் சொல்லி நாக்கே அலுத்துவிட்டது. மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காப்பியாவது நிம்மதியாக இறங்கட்டும் என்று, அங்கே சுவரில் மாட்டியிருந்த, செத்துப்போன மாமனாரின் இரும்புச் சிலுவைப் பதக்கத்தை அவர் தொட்டதே இல்லை. கேட்டால், பூதக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார்.

அன்று மைத்துனன் ரூடி கண்ணாடியும் காந்தமும் வாங்கியே வந்துவிட்டான்.

"இன்னிக்குத் தப்ப முடியாது, அத்தான்!"

அசல் சிலுவையின் நடுத்தகடு இரும்பு, காந்தம் கவ்வும். இதைக் கவ்வவில்லை. ஒட்மார் பெருமூச்சு விட்டார்.

"கடற்படைக்காரங்களுக்குப் பித்தளையிலயும் செஞ்சாங்க..."

"உங்க மாமா குதிரைப்படை, மாப்ள. கடலையே பார்த்ததில்ல," என்றார் மாமியார் ஹெட்விக். "போர் முடிஞ்ச பஞ்சத்துல அசலை அமெரிக்கச் சிப்பாய்கிட்ட குடுத்துப் பன்னிக்கொழுப்பு வாங்கினேன். அந்தச் சிப்பாய்ங்க தலையில கட்டவே வார்த்த போலி ஒண்ணைப் புடிச்சு மாட்டிட்டேன். அந்த மனுஷன் சாகுறவரைக்கும் அதைத் தொடச்சுத் தொடச்சு வச்சாரு."

"அப்போ நான் பள்ளிக்கூடத்துல பீத்திக்கிட்டதெல்லாம்?" என்றான் ரூடி.

"அந்தக் கொழுப்புலதாண்டா நீ வளர்ந்தே." அவர் மருமகனிடம் திரும்பினார். "நீங்க அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எதுக்குக் கேக்கை நீட்டினேன்னு நெனச்சீங்க?"

ஒட்மார் சிலுவையை எடுத்த ஆணியிலேயே மாட்டிவிட்டு, தட்டை நீட்டினார்.

"இன்னொரு துண்டு போடுங்க, அத்தை. பழகிப்போச்சு."