எழுதினால் சொன்னதாகுமா?

நாற்பத்துமூன்றாவது வயதில் என்னை நானே அறிந்துகொள்வது என்று தீர்மானித்தேன். அதுவரை அந்த வேலையை என் மனைவிதான் பார்த்துவந்தாள். குறை சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் கொழும்பிலிருந்து தபாலில் வரவழைத்த மனோதத்துவப் புத்தகம் ஒன்று, கனவுகளை எழுதிவைத்துத் திரும்ப வாசித்தால் உள்ளே ஒளிந்திருக்கும் ஆள் வெளியே வந்துவிடுவான் என்று ஆசை காட்டியது. அதே மாதம் வாசித்த ஞானநூல் ஒன்றும், வேறு பாஷையில், ஏறக்குறைய அதையே சொன்னது. ஐரோப்பிய டாக்டரும் நம்முடைய சூஃபியும் ஒத்துப்போகும் விஷயங்கள் குறைவு. நாவுலயில் பள்ளிக்கூட மாஸ்டராக இருந்த நான் அதைத் தவறவிட விரும்பவில்லை.

ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டேன். கோடு போடாமல் சிந்திக்க எனக்குத் தெரியாது. திகதி, கனவு, விழித்தபோது மனநிலை, முதல்நாள் இராச்சாப்பாடு என்று நான்கு பத்திகள். நான்காவது பத்தி மனைவியின் யோசனை. எல்லாக் கனவும் வயிற்றிலிருந்துதான் வருகிறது என்பது அவளுடைய கொள்கை. விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு, தேத்தண்ணீர் வருவதற்குள் எழுதி முடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு, பிறைக் கணக்கில் வரும் போயா நாளுக்கு லீவு கொடுத்திருந்த காலம் அது. இன்று என்ன கிழமை என்று நாடே குழம்பிக்கொண்டிருந்தபோது, என் கனவுகளுக்கு மட்டும் திகதி பிசகவில்லை.

உள்ளே இருந்த ஆள் வெளியே வரத்தான் செய்தான். பெரிய ஏமாற்றம். மூன்று மாதமாக அவன் செய்ததெல்லாம் மாத்தளை பஸ்ஸைத் தவறவிட்டதுதான். ஒரு தடவை கல்விக் கந்தோர் அதிகாரியின் முன்னால் அவனுடைய சாரன் கழன்றது. இன்னொரு தடவை நாலந்தா கற்கோயில் வாசலில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அவன் கைகட்டி நின்று பன்னிரண்டாம் வாய்ப்பாடு ஒப்புவித்துத் தோற்றான். ஞானமார்க்கத்துக்கு வழிகாட்ட ஒரு பெரியார்கூட எட்டிப்பார்க்கவில்லை.

"என்ன, இன்னக்கிம் பஸ் போயிட்டா?" என்பாள் மனைவி, தேத்தண்ணீரை வைத்துக்கொண்டே.

"கொப்பிய வாசிச்சியா?"

"வாசிக்கணுமாக்கும்? ஒங்கட மொகத்துலயே எழுதியிருக்கே."

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு கடையிலிருந்து மிளகாயும் சீனியும் சுற்றிவந்த பத்திரிகைத் தாள்களையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்து வந்தவள். ஆனாலும் என் கையெழுத்தை வாசிக்க அவளால் ஏலாது என்று நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாராலும் முடிந்ததில்லை.

அந்த நாட்களில்தான் அவளுடைய வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. மாத்தளையில் பார்த்த டாக்டர் கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் அது என்ன கட்டி என்று சொல்ல முடியும் என்றார்கள் அங்கே. நாளும் குறித்தார்கள். நான் வழக்கம்போல் கேலி பேசிக்கொண்டு திரிந்தேன். அவள் வழக்கம்போல் என்னை ஏசிக்கொண்டு உடுப்பு மடித்தாள்.

அவளை வார்டில் சேர்க்க வேண்டிய நாள் விடியற்காலையில் அந்தக் கனவு வந்தது. ஒரு ஆறு. என் மனைவி வெள்ளைச் சேலை உடுத்து, செருப்பைக் கையில் பிடித்தபடி, தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போகிறாள். கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பழக்கதோஷம், எழுந்து எழுதிவிட்டேன். இராச்சாப்பாடு: மரவள்ளிக்கிழங்கு, கட்டச் சம்பல். பேனையை மூடிய பிறகுதான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். வெள்ளைத் துணி என்றால் எனக்கு இறந்தவரைச் சுற்றும் கபன் துணிதான் ஞாபகம் வந்தது.

கெட்ட கனவை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் பால்குடியிலிருந்து உள்ள பாடம். சொல்லாதவரை அது ஒன்றுமில்லை. ஒருவர் கேட்டு அதற்கு விளக்கம் கொடுத்துவிட்டால் அப்படியே பலித்துவிடும். நானோ திகதியும் போட்டு எழுதியிருக்கிறேன். கிழித்துப் போட்டிருக்கலாம். அவள் இருக்கும் தாளைக் கிழிக்கக் கை வரவில்லை. கொப்பியை மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய் வார்டில் விட்டு வந்தேன்.

மறுநாள் பள்ளிவாசலில் தொழுவிக்கும் ஹஸ்ரத்தைப் பிடித்தேன்.

"ஹஸ்ரத், ஒருத்தர் கெட்ட கனவு காண்றார். சொல்லல்ல. எழுதி வெக்கிறார். எழுதினா சொன்னதாகுமா?"

"யாரு அந்த ஒருத்தர்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்."

"அவருக்கு வேற வேல இல்லயா, மாஸ்டர்?"

"மாஸ்டர் வேலதான்."

ஹஸ்ரத் தாடியைத் தடவினார். "யாரும் வாசிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப சொன்னதாகாது. வாசிச்சுட்டா சொன்ன மாதிரித்தான். மொதல்ல வாசிச்சவங்க என்ன விளக்கம் சொல்றாங்களோ, அதத்தான் பயப்படணும். அவர்ட்ட சொல்லுங்க, கொப்பியப் பத்திரமா வெக்கச் சொல்லி."

வீட்டுக்கு ஓடிவந்து லாச்சியைத் திறந்தேன். கொப்பி இல்லை. அலுமாரி, பாயின் அடி, அரிசிப் பெட்டி, எங்கேயும் இல்லை. அவள் மடித்து எடுத்துப்போன உடுப்புப் பை ஞாபகம் வந்தது.

மாத்தளை பஸ் அன்றைக்கு எனக்காக நின்றது. கனவில் ஒருநாளும் செய்யாத மரியாதை. மாத்தளையில் ரயில் ஏறி, பார்வையாளர் நேரம் முடிய அரைமணி இருக்கும்போது வார்டுக்குள் நுழைந்தேன். மறுநாள் காலையில் ஒப்பரேஷன்.

"கொப்பியத் தேடித்தானே வந்தீங்க?" என்றாள். தலையணைக்கடியிலிருந்து எடுத்தாள். "இங்க வாசிக்க ஒண்டும் கெடைக்காதேன்னு கொண்டாந்தேன். பக்கத்துக் கட்டில் ராத்தாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். சாரன் கழண்ட எடத்துல அவ சிரிச்ச சிரிப்புல, தையல் பிரிஞ்சுரும்னு நர்ஸ் ஏசிட்டுப் போறா."

பக்கத்துக் கட்டில் ராத்தா என் இடுப்புப் பக்கம் பார்த்தார். நல்லவேளை, நான் கால்சட்டை போட்டிருந்தேன்.

"கடைசிப் பக்கமும் வாசிச்சியா?"

"வாசிக்காம?"

கொண்டுபோன தோடம்பழங்களை நான் ஒன்றொன்றாக மேசையில் அடுக்கினேன். அவற்றை வட்டமாக அடுக்குவதா வரிசையாக அடுக்குவதா என்பது அப்போது மிக முக்கியமாகத் தோன்றியது.

"இதுக்கா இப்பிடி மொகம் வெளிறிப்போய் வந்திரிக்கிறீங்க? படிச்ச மனுசன். வெள்ளச் சாரி உடுத்துறது யாரு?"

"யாரு?"

"புருஷன் மௌத்தாகி இத்தா இரிக்கிறவ. வெள்ளச் சாரி எனக்குன்னா, மௌத்தானது யாரு?"

"நானா?"

"பின்ன? மையத்து எங்கயாவது செருப்பக் கையில எடுத்துட்டு நடந்து போகுமா? நாலு பேர் தூக்கிட்டுல்ல போகணும்."

"நான் கூப்பிட்டேன். நீ திரும்பிப் பாக்கல்லயே."

"மௌத்தான ஆள் கூப்பிட்டா யாராவது திரும்பிப் பாப்பாங்களா? எனக்குப் பயமில்லயா?"

எங்கேயும் ஓட்டை இல்லை. மனோதத்துவ டாக்டர் முந்நூறு பக்கத்தில் செய்யாததை அவள் மூன்று வாக்கியத்தில் செய்துவிட்டாள். முதலில் வாசித்தவளும் அவள்தான், விளக்கம் சொன்னவளும் அவள்தான்.

"அப்ப நீ இருப்பே," என்றேன்.

"இருப்பேன். இத்தா நாலு மாசமும் பத்து நாளும் அழுதுக்கிட்டு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில் ராத்தாவுக்கு மறுபடியும் தையல் ஆபத்து வந்தது. மூச்சு அப்படியே இலேசாகி, அங்கேயே ஒரு தோடம்பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். அது அவளுக்காகக் கொண்டுபோனது.

உள்ளே இருந்த ஆள் அப்போதுதான் ஒழுங்காக முகத்தைக் காட்டினான். தன்னுடைய மௌத்துச் செய்தி கேட்டு மனசாரச் சந்தோஷப்படுகிற ஆள். அவன்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது. மாத்தளை ரயில் புறப்படும் வரையில் அது நீடித்தது. பிறகு இடது நெஞ்சில் ஏதோ குத்துவதுபோல் இருந்தது.

மறுநாள் கட்டியை எடுத்தார்கள். பொல்லாத கட்டியில்லை என்ற சொல் வர இன்னும் சில நாட்கள் ஆயின. அந்தச் சொல் கிடைத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவரும் காரணம் கேட்காமல் குலுக்கினார்.

அதற்குப் பிறகு நான் கனவு எழுதவில்லை. கனவே வரவில்லை என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பஸ் போயிட்டா?" என்கிறாள்.

பெருநாளுக்குச் சேலை எடுக்க வருஷாவருஷம் மாத்தளைக்குப் போகிறோம். துணிக்கடை முதலாளி கட்டுக்கட்டாக விரித்துப் போடும்போது, இடையில் எப்படியும் ஒரு வெள்ளைச் சேலை வந்துவிடும். நான் சும்மா தெருவைப் பார்ப்பேன். அவள் அதை எடுத்து, கரையை விரலால் தடவிப் பார்த்து, ஓரமாகத் தள்ளிவைப்பாள்.

"இதுக்கு என்ன அவசரம்? அந்தப் பச்சையக் காட்டுங்க."