இரண்டு விரற்கடை

கனடாவில், இந்தக் கால்கரி நகரத்தில் முன்கண்ணாடி கீறாத காரைப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பனிச்சாலையில் வண்டிகள் வழுக்காமல் இருக்கப் பொடிக்கல்லைத் தூவுகிறார்கள். முன்னால் போகிற லாரி அதை எடுத்து நம் கண்ணாடியில் எறிகிறது. என் காரில் ஒரு கீறல் இடது ஓரத்தில் புறப்பட்டு, மூன்று வாரமாக நடுவை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருக்கிறது. எங்கள் ஊர் சாத்தூரில் இப்படி ஒரு காரை வாசலில் நிறுத்தினால் தெருவே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகும். இங்கே பக்கத்து வீட்டு பிரையன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீயே மாற்றப் போகிறாயா, ஆளைக் கூப்பிடப் போகிறாயா?"

பிரையன் தானே மாற்றுகிற ரகம். ஒருமுறை அவருடைய கராஜில் கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்தத் தொழிலில் என் அனுபவம் அவ்வளவுதான்.

"என் கை சரியில்லை," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் என் விரல்களைப் பரிதாபமாகப் பார்த்து, "ஆர்த்ரைட்டிஸா?" என்றார். தலையாட்டி வைத்தேன். அந்த வியாதிக்குச் சரியான பெயர் எனக்கு எந்த மொழியிலும் தெரியாது.

அது வந்தது சாத்தூரில், போன தீபாவளி சீசனுக்கு ஊருக்குப் போயிருந்தபோது. தங்கை ஜெபா தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பட்டாசுக் கம்பெனிகள் மூச்சுவிடாமல் ஓடுகிற சீசனில் அவளுக்கு லீவு கிடையாது; காலை ஆறு மணி டியூட்டிக்கு அந்தப் பழைய கார்தான் கதி. நான் போய் இறங்கிய மறுநாள் ஒரு டிப்பர் லாரியின் கல் அதன் முன்கண்ணாடியை நொறுக்கியது. எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று தெரியாது. வாத்தியாரான மச்சான், ஜெபாவின் கணவர், விருதுநகரில் புதுக் கண்ணாடி வாங்கி, மாட்டுவதற்கு பைபாஸ் ரோட்டிலிருந்து மாரியப்பன் என்பவரையும் கூட்டிவந்தார்.

மாரியப்பனின் கைகளைப் பார்த்தேன். மணிக்கட்டுவரை தோல் இழுத்து மினுங்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது பட்டாசுத் தீ என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இந்தக் கை கண்ணாடியை நழுவவிடும் என்று மனசு தீர்ப்பு எழுதிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வேறொன்றைச் சொன்னேன்.

"ஆளு எதுக்கு மச்சான்? கனடாவுல நாங்கல்லாம் நாங்களேதான் மாத்துவோம்."

மாரியப்பன் பசைக் குழாயை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். "செய்ங்க அண்ணாச்சி. பசை காயிற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு..."

"எல்லாம் தெரியும்," என்றேன்.

மத்தியானம் முழுக்க நானும் மச்சானும் கம்பியால் பழைய பசையை அறுத்து, நொறுங்கியதைக் கழற்றி, புதியதை ஒட்டினோம். கண்ணாடி நேராகத்தான் உட்கார்ந்தது. எங்கள் வீட்டில் வண்டியில் எந்த வேலை நடந்தாலும், எல்லாரும் உள்ளே உட்கார்ந்து ஜெபம் செய்த பிறகுதான் எடுப்பது வழக்கம். மற்ற வீடுகளில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதுபோல. ஜெபா ஸ்டியரிங் பக்கம், மச்சான் அடுத்து, நான் பின்னால். தெருச் சத்தம் ஜெபத்தைக் கெடுக்கக்கூடாது என்று ஜன்னல்களை முழுசாக ஏற்றிவிட்டு, மூன்று கதவுகளையும் பக்தியோடு ஒரே நேரத்தில் அறைந்து சாத்தினோம்.

"ஆண்டவரே, எங்க அண்ணன் கையால செஞ்ச இந்த வேலைய..." என்று தொடங்கிய ஜெபா கண்ணைத் திறந்தாள். அடைபட்ட காற்று தனக்கு வழி தேடிக்கொண்டிருந்தது. ஈரப் பசையிலிருந்து கண்ணாடியின் மேல்விளிம்பு எழுந்து, நிதானமாக பானட்டை நோக்கிச் சரிந்தது.

"ஆமென்," என்றார் மச்சான்.

அன்றைக்குக் கராஜில் பிரையன் கார் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிகரெட்டுக்காக என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடி உடையவில்லை. ஜெபாதான் உடைந்துவிடுவாள்போல இருந்தது. "வார்டுல மூணு தீக்காயம் கிடக்கு அண்ணே. விடியக்காலம் நான் போனாத்தான் ராத்திரி டியூட்டிக்காரி வீட்டுக்குப் போக முடியும்." கொஞ்சம் நிறுத்தி, "மாரியப்பன் கைக்கு ரெண்டு மாசம் கட்டுப் போட்டவ நான். அந்தக் கையால என்ன முடியும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.

வாயால் சொல்லாமல் மறைத்ததாக நினைத்திருந்ததை அவள் எப்படியோ படித்துவிட்டிருக்கிறாள்.

சாயங்காலம் மச்சான் போய் அழைக்க, மாரியப்பன் வந்தார். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் பசையையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடியைத் தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வைத்தார்.

"கையப் பாத்துத்தான வேண்டாம்னீக?" என்றார், பசையின் விளிம்பைத் துடைத்தபடி.

நான் குனிந்து, கீழே கிடந்த பசைக் குழாயை எடுத்து வைத்தேன்.

"பரவால்ல அண்ணாச்சி. எம் பொண்டாட்டியே மொதல்ல காப்பித் தம்ளரக் கையில குடுக்க யோசிச்சா. கண்ணாடிக்கு அதெல்லாம் தெரியாது." பிறகு, ஒட்டிப்போன அந்த இரண்டு விரல்களையே அளவாக நீட்டிக் காட்டினார். "விடியிற வரைக்கும் ஜன்னல் ரெண்டு விரக்கடை எறங்கியே இருக்கட்டும். கதவ மெல்லச் சாத்துங்க. காலையில அதத்தான் சொல்ல வந்தேன்."

மறுநாள் ஜெபா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். எனக்கு முன்னால் காப்பியை வைத்துவிட்டுத்தான் போனாள். வைத்த விதத்தில் கொஞ்சம் சிந்தியது.

பிரையனிடம் தலையாட்டியதற்கு அடுத்த வாரம் இங்கே ஓர் ஆளை வரவழைத்தேன். கதவைத் திறந்ததும் என் கண் முதலில் போனது அவர் கைகளுக்குத்தான். அவ்வளவு வெட்கப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நல்ல கைகள். ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்து, இரண்டு விரல்களை நீட்டிக் காட்டி, "ஜன்னல் இவ்வளவு திறந்திருக்கட்டும், கதவை அறைந்து சாத்தாதே," என்றார்.

"தெரியும்," என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டேன். மெல்லக் கதவைத் திறந்து உட்கார்ந்து, மெல்லச் சாத்தினேன். எதிரே கீறல் இல்லாத கண்ணாடி. கை நீட்டினால் ஸ்டியரிங் இல்லை. இங்கே அது இடதுபக்கம்; ஊர் ஞாபகத்தில் வலதுபக்கம் ஏறியிருக்கிறேன்.

அவர் ஜன்னல் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தார். "ஓட்டுகிறவர் வர வேண்டுமா?"

"ஆமாம்," என்றேன். அவர் போய்விட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு விரற்கடை வழியாகக் குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.