கித்துள் கள்ளில் பொங்கிய பாண்

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். என் கன்னத்தின் உட்புறத்தில் வந்த புண் ஆறவே இல்லை. புற்று என்று சொல்லி, கொழும்பிலேயே ஏழு வாரம் வைத்து வாய்க்குக் கரண்டு, அதாவது கதிர் வைத்தியம், பிடித்தார்கள். அனுப்பும்போது அந்த ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் சொன்னார்: "வெத்திலையும் மிளகாயும் இனி வேண்டாம். கீரை, முட்டை, பால், பழம் எல்லாம் மெதுவாச் சாப்பிடுங்கோ. ருசி வர நாளெடுக்கும். சாப்பாட்டை மட்டும் விட்டிடாதேங்கோ."

பூண்டுலோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றுதான் எங்கள் லயம். திரும்பி வந்த நாட்களெல்லாம் நீளமான ஒரே மத்தியானமாகத்தான் நினைவிருக்கின்றன. கதவு வழியே பனிமூட்டம் உள்ளே வரும். கம்பளிக்குள் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சு, தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் கேட்கும். எதைத் தின்றாலும் நனைந்த பஞ்சு.

என் வீட்டுக்காரர் துரை பங்களாவில் சமையல்காரர். பதினான்கு வருஷம் அங்கே பாண் ரொட்டியும் கேக்கும் சுட்டவர், எங்கள் அடுப்பில் ஒருநாளும் கை வைத்ததில்லை. இப்போது மண்ணெண்ணெய்த் தகரமொன்றைப் படுக்கவைத்து, உள்ளே மணல் பரப்பி, மேலும் கீழும் தணல் போட்டு அதையே ரொட்டி சுடும் போறணையாக்கினார். கீழே சிங்களக் கிராமத்தில் மாவு பொங்குவதற்குக் கித்துள் பனைக் கள்ளு வாங்கிவந்து, குரக்கன் என்கிற கேழ்வரகு மாவையும் கோதுமை மாவையும் அதில் பிசைந்தார். அவித்த பூசணிக்காய், முட்டை, கொஞ்சம் கருப்பட்டி. முதல் பாண் கல்லாகிவிட்டது. இரண்டாவது கரி. மூன்றாவது பொங்கி வந்தது.

பாலில் நனைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்காருவார்.

"எப்படி புள்ள இருக்கு?"

"இனிப்பா, நல்லா இருக்குங்க."

ருசி ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்துக்காகச் சொன்னேன். தினமும் சொன்னேன்.

ஒருநாள் அப்படிச் சொன்னதும் அவர் என்னையே பார்த்தார். "இன்னைக்குக் கருப்பட்டி போட மறந்துட்டேன் புள்ள."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"மொத நாளேருந்துங்க."

"ருசியே தெரியாமலா தினமும் முழுசா தின்ன?"

"நீங்க சுட்டதாச்சே."

அவர் கோபப்படவில்லை. வெகுநேரம் தணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, இனிமே கேக்கமாட்டேன். தின்னா போதும்" என்றார். அதற்குப் பிறகு சாப்பாடு எனக்குச் சுலபமாயிற்று. அவர் பங்களாக் கதை ஏதாவது சொல்வார். கேட்டுக்கொண்டே மென்று விழுங்கிவிடுவேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். மழை பெய்த ஒரு மத்தியானம் கரட் கிழங்கு துருவிப் போட்ட பாணை மென்றுகொண்டிருந்தேன். நாக்கின் ஓரத்தில் மெல்லிதாக ஏதோ பட்டது. கனவா என்று தெரியாமல் இன்னொரு வாய் எடுத்தேன்.

"ஏங்க, உப்பு பத்தல."

மாவுக் கையோடு அப்படியே நின்றார். "மறுபடி சொல்லு."

"உப்பு பத்தலங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மாவு.

அடுத்த முறை கொழும்புக்குப் போனபோது டாக்டர் விளக்கடித்து வாய்க்குள் நெடுநேரம் பார்த்தார். "இப்ப புண் ஒண்டும் இல்லை" என்றார். ரயிலில் திரும்பும்போது ஜன்னலோரம் என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். மலைகள் ஒவ்வொன்றாக மேகத்திலிருந்து வெளியே வருவதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.